நாங்கள் உபயமாகக் கொடுத்த கேமரா

நான் தோப்புக்கரணம் போட்டதைப் படம்பிடித்த கேமரா, நானே கடைகடையாக அலைந்து வாங்கி, நானே ஏணியில் ஏறி நின்று கோணம் பார்த்து மாட்டச் சொன்னது. இதைக் கேட்டால் சிரிப்பு வரும் என்று எனக்குத் தெரியும். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கே சில நாள் சிரிப்பு வருகிறது, பிறகு அடுத்து நடந்தது நினைவுக்கு வந்து அடங்கிவிடுகிறது.

நெய்வேலி நகரியத்தில் எங்கள் பிளாக்குக்குக் குடியிருப்போர் சங்கம் ஒன்று இருந்தது. அதற்கு நான் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். பொங்கலுக்குக் கோலப்போட்டி வைப்பது, குழாயில் தண்ணீர் வராவிட்டால் டவுன்ஷிப் ஆபீசில் புகார் எழுதி நம்பர் வாங்குவது, அப்போதும் வராவிட்டால் அந்த நம்பரைச் சொல்லிச் சண்டை போடுவது, இவ்வளவுதான் வேலை. மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் எனக்கு உத்தியோகம். ஷிப்டு முடிந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு செயலாளர் ஆகிவிடுவேன். ஊர் விட்டு ஊர் வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவனுக்கு நாலு பேர் "செயலாளர் சார்" என்று கூப்பிடுவது இனிக்கத்தான் செய்தது.

அந்தச் சமயத்தில் தெருவில் நடந்துபோகும் பெண்களின் சங்கிலியை அறுப்பதும், வாசலில் நிறுத்திய வண்டி காணாமல் போவதும் அடிக்கடி நடந்தன. காவல் நிலையத்திலிருந்து எல்லாச் சங்கங்களையும் அழைத்துப் பேசினார்கள். பொதுமக்கள் பங்களிப்போடு கேமரா வைக்கலாம் என்றார்கள். எந்த நிலையம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. எங்கள் சங்கம் தெருமுனைக்கு ஒன்று வைத்துக் கொடுத்தது. "ஸ்டேஷன் வளாகத்துக்கும் ஒண்ணு குடுத்தீங்கன்னா நல்லாயிருக்கும் சார். புடிச்சு வெச்சிருக்கிற வண்டியில எல்லாம் பேட்டரியைக் கழட்டிட்டுப் போயிடறாங்க" என்றார் அப்போதிருந்த அதிகாரி. போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே திருட்டா என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. அதையும் கொடுத்தோம்.

பண்ருட்டியிலிருந்து வந்த கேமராக்காரர் மாட்டும்போது சொன்னார்: "இதுல சத்தம் பதியாது சார், படம் மட்டுந்தான். ஒரு மாசம் போல நிக்கும். அப்புறம் பழசு மேல புதுசு ஏறிடும்." நான் அவரை நம்பாமல் நானே ஏணியில் ஏறிப் பார்த்தேன். முற்றத்தில் நின்ற வேப்பமரத்தின் ஒரு கிளை பாதி இடத்தை மறைத்தது. அந்தக் கிளையை வெட்டச் சொன்னேன். ஏட்டு ஒருவர், "நிழலா இருக்கு சார், இருக்கட்டுமே" என்றார். "மறைக்கிற மாதிரி இருந்தா கேமரா எதுக்கு சார்?" என்று பெரிய மனிதத் தோரணையில் கேட்டு வெட்ட வைத்தேன். கேமராவுக்குக் கீழே உபயம் என்று போட்டு எங்கள் சங்கத்தின் பெயரை எழுதிய தகடு ஒன்றையும் பொருத்தினோம். கோயில் டியூப்லைட்டில் எழுதுவதுபோலத்தான். பொன்னாடை போர்த்திக்கொண்டோம், போட்டோ எடுத்துக்கொண்டோம்.

குழாய் ரிப்பேருக்குக்கூடப் புகார் நம்பர் வாங்காமல் நகராத ஆட்கள் நாங்கள். அந்தப் பதிவை யார் பார்க்கலாம், யார் கேட்டால் கொடுக்க வேண்டும், அழிந்துபோனால் யார் பதில் சொல்வது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேமரா என்பது திருடனைப் பார்க்க மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்.

பிறகு ஹெல்மெட் கெடுபிடி வந்தது. ஊரில் எல்லாரும் அடித்துப் பிடித்து ஹெல்மெட் வாங்கினார்கள். என்னைப்போலச் சிலர் வாங்கவில்லை. எங்களிடம்தான் மைன்ஸ் ஹெல்மெட் இருக்கிறதே! சுரங்கத்துக்குள் தலைக்கு மேலே பெல்ட்டில் பழுப்பு நிலக்கரி டன் கணக்கில் ஓடும் இடத்துக்குப் போதுமான ஹெல்மெட், மெயின் ரோட்டுக்குப் போதாதா என்பது எங்கள் ஊர் நியாயம். அந்த மஞ்சள் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டுதான் பாதிப்பேர் ஷிப்டுக்குப் போய்வந்தோம். பழைய போலீஸ்காரர்கள் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள்.

அன்று முதல் ஷிப்டு முடிந்து மத்தியானம் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் எங்கள் பிரிவில் வேலை செய்யும் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் கரியை அள்ளிப் போடுவது அவர் வேலை. காடாம்புலியூர்ப் பக்கம் வீடு. முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள். நகரிய வாசலில் இறக்கிவிட்டால் பஸ் பிடித்துப் போய்விடுவார். அந்த நாளில் அவரை நான் "அவன்" என்றுதான் சொல்வேன், "வாடா, ஏறு" என்றுதான் கூப்பிடுவேன். பெர்மனென்டுகள் எல்லாருமே அப்படித்தான். இதில் "அவர்" என்று எழுதுவது பிற்பாடு எனக்கு வந்த மரியாதை.

வளைவில் போலீஸ் நின்றது. புதிதாக மாற்றலாகி வந்திருந்த எஸ்.ஐ. கையைக் காட்டினார். என் மகன் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும்.

"என்னய்யா இது தலையில?"

"ஹெல்மெட் சார். மைன்ஸ் ஹெல்மெட். ஐ.எஸ்.ஐ. மார்க் இருக்கு சார்."

"மண்ணு வெட்டவா போற? எறங்கு."

அபராதத்தைக் கட்டிவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்குத்தான் வாய்க்கொழுப்பாயிற்றே. சட்டைப் பையிலிருந்து ஐ.டி. கார்டை எடுத்து நீட்டினேன். ஆஸ்பத்திரியானாலும் கேண்டீனானாலும் அந்தக் கார்டை நீட்டினால் எங்களுக்குக் கதவு திறக்கும். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது.

"கார்டைக் காட்டினா சல்யூட் அடிக்கணுமா?" என்றார் அவர்.

"அதுக்கில்ல சார். நான் பிளாக் சங்கத்துச் செயலாளர். உங்க ஸ்டேஷன்ல இருக்கிற கேமராவே நாங்க குடுத்ததுதான்."

எஸ்.ஐ. என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படிங்களா? வாங்க, பாக்கலாம்" என்றார். அந்த "வாங்க"வில் நான் ஏமாந்தேன். ஸ்டேஷன் பக்கத்தில்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு இருவரும் அவர் பின்னால் போனோம். மோர் கொடுப்பார்கள் என்றுகூட நினைத்தேன்.

முற்றத்தில் நின்று, "எது, அதுவா?" என்று மேலே காட்டிக் கேட்டார்.

"ஆமா சார்."

"நல்லாத் தெரியுமா அதுல?"

"தெளிவாத் தெரியும் சார்" என்றேன் பெருமையாக. "மறைச்ச கிளையைக்கூட நாந்தான் வெட்டச் சொன்னேன்."

"அப்ப அதைப் பாத்து நின்னு தோப்புக்கரணம் போடு. எண்ணிக்கிட்டே போடு. எனக்குச் சத்தம் கேக்கணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. லத்தியால் என் முழங்கால் பக்கத்தில் லேசாகத் தட்டினார். அடி என்று சொல்ல முடியாது, மாட்டைத் திருப்பிவிடுவதுபோல ஒரு தட்டு. என் இரண்டு கையும் தானாகக் காதுக்குப் போயின. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பிள்ளையாருக்குத் தவிர வேறு யாருக்கும் நான் தோப்புக்கரணம் போட்டதில்லை. கிளை இருந்த இடத்தில் வெயில் நேராக இறங்கி உச்சியைப் பிளந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். எத்தனை போட்டேன் என்பதை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லமாட்டேன்.

என்னோடு வந்து பக்கத்தில் நின்றவர் முதலில் தரையைப் பார்த்தார். பிறகு ஒரு எட்டு முன்னால் வந்தார். "சார், வாணாம் சார். எங்கப்பா வயசு சார் அவுருக்கு. முட்டி வலிக்குதுன்னு சொல்லிகினே இருப்பாரு. அவுருக்குப் பதிலா நான் போடறன் சார்."

"நீ யார்றா, வக்கீலா?" என்று எஸ்.ஐ. அவர் கன்னத்தில் அறைந்தார். அவர் தடுமாறி நிமிர்ந்து, கையைக் கூப்பி மறுபடியும் ஏதோ சொன்னார். லத்தி முதுகிலும் பின்னந்தொடையிலும் விழுந்தது. ஏட்டும் ஓடிவந்து ஒருபக்கம் பிடித்துக்கொண்டார். நான் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, "சார், வேண்டாம் சார், விட்டுடுங்க சார்" என்று குறுக்கே ஓடினேன். என் நினைவில் அது அப்படித்தான் இருந்தது.

அபராதத்தை வாங்கிக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்கள். அவரை உள்ளே வைத்துக்கொண்டார்கள். அதிகாரியைப் பிடித்துத் தள்ளினார், கையை ஓங்கினார், வேலை செய்ய விடாமல் தடுத்தார் என்று வழக்கு எழுதினார்கள். நான் வெளியே வந்து அவருடைய கான்ட்ராக்டரின் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சொந்தக்காரர்கள் வந்து ஜாமீன் எடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் எழுந்தால் தொடை இரண்டும் கட்டையாகிவிட்டிருந்தன. கட்டிலிலிருந்து இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. "என்னங்க, எதைத் தூக்கினீங்க?" என்று மனைவி தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பெல்ட் ரோலர் ஒன்றைத் தூக்கினேன் என்றேன். "அதுக்குத்தான் கான்ட்ராக்ட் ஆளு இருக்காங்களே, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று திட்டிக்கொண்டே தேய்த்துவிட்டாள். நான் குப்புறப் படுத்துத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வலியில் என்று அவள் நினைத்தாள்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கேட் பாஸ் என்று ஒன்று உண்டு. அது இல்லாமல் மைன்ஸ் வாசலைத் தாண்ட முடியாது. அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். போலீஸ் கேஸ் இருந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். அவருடைய பாஸ் நின்றது. பெல்ட்டுக்கு அடியில் வேறொரு ஆள் கரி அள்ளினார்.

ஒரு சாயங்காலம் அவர் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"சார், அந்தக் கேமராவுல எல்லாம் இருக்கும் சார். நான் கையி ஓங்கல, தள்ளல. கும்புட்டுகினுதான் நின்னேன். அதப் பாத்தாங்கன்னா கேஸ் நிக்காதுன்னு வக்கீல் சொல்றாரு. நான் போயி கேட்டா தொரத்தறாங்க. நீங்க சங்கத்து ஆளு, உபயம் குடுத்தவுங்க. நீங்க எழுதிக் கேட்டாக்க குடுப்பாங்க சார்."

அவர் பேசப் பேச எனக்குத் தெரிந்தது ஒரே காட்சிதான். டிவி ஒன்றில் படம் ஓடுகிறது. பிளாக் முழுவதும் உட்கார்ந்து பார்க்கிறது. செயலாளர் சார் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு குந்தி எழுந்திருக்கிறார். எவனாவது செல்போனில் எடுத்துவிட்டால் ஷிப்டு முழுக்கச் சுற்றும். மைன்ஸில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் விழுந்தால் ரிட்டயர்மென்ட் வரை போகாது. என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாக்கலாம் தம்பி" என்றேன். ஒருவரை இல்லையென்று சொல்லாமல் இல்லையென்று அனுப்புவதற்கு அதைவிட வசதியான சொல் கிடையாது.

சும்மா இருக்கவும் முடியவில்லை. சங்கக் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன், தோப்புக்கரணத்தை மட்டும் விட்டுவிட்டு. தலைவர் ரிட்டயர்டு ஆனவர், நிதானமான மனிதர். "நாம குடுத்தது திருடனைப் புடிக்க சார். போலீசைப் புடிக்கவா குடுத்தோம்? நாளைக்கு நம்ம வீட்டுல ஒரு திருட்டுன்னா அவங்ககிட்டதானே போகணும்?" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நியாயப்படி எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது.

அந்த நிம்மதியோடு, ஒப்புக்கு ஒருமுறை ஸ்டேஷனுக்கும் போனேன். வாசலில் இருந்த காவலரிடம், அந்தத் தேதிப் பதிவு இருக்குமா என்று வாய்க்குள்ளேயே கேட்டேன். "கேமரா ரிப்பேர் சார். ரொம்ப நாளா ஓடல" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். கேமராவின் ஓரத்தில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓடினால் எரியும் விளக்கு அது என்று கேமராக்காரர் எனக்குத்தான் காட்டிக்கொடுத்திருந்தார். பொய் என்று தெரிந்தும் எனக்கு வயிறு குளிர்ந்தது. "ஓ, ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டு, நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் தலைகுனிந்திருக்கிறேன். ஒரு பொய்க்கு நன்றி சொன்ன அந்த நிமிஷத்தை நினைத்தால்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அவர் மறுபடியும் வந்தபோது நான் வீட்டில் இல்லை. மனைவிதான் பேசியிருக்கிறாள். ராத்திரி சாப்பாடு போடும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "அந்தத் தம்பி வந்திருந்தாரு. பாவம், முந்திரிக்கொட்டை உடைக்கிற எடத்துல கூலிக்குப் போறாராம். அன்னிக்கு என்னதான் நடந்ததுன்னு கேட்டேன். உங்களை நிழல்ல நாற்காலி போட்டு உக்கார வெச்சிருந்தாங்களாமே. மரியாதையா நடத்தினாங்கன்னு சொன்னாரு. அப்புறம் எதுக்கு இவரு போயி அவங்ககிட்ட வாயைக் குடுத்தாருன்னுதான் எனக்குப் புரியல."

அவர் வக்கீலிடமும் அதையேதான் சொல்லியிருந்தாராம். நாற்காலி, நிழல், மரியாதை. ஏன் எஸ்.ஐ.யிடம் பேசப் போனார் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அதனால் அவர் கதையே பொய்போலத் தெரிந்தது. வேலையைப் பறிகொடுத்த மனிதர், என் மானத்தைக் காப்பாற்றத் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொண்டிருந்தார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியும் இல்லை, நிழலும் இல்லை, கிளையை வெட்டியவனே நான்தான் என்று சொன்னேன். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"இவ்வளவுதானா? இதை மறைக்கவா அந்த மனுஷன் கொட்டை உடைக்கணும்? காலையில போயி எழுதிக் குடுத்துட்டு வாங்க."

"ஊரெல்லாம் பாக்கும்டி."

"பாக்கட்டுமே. நீங்களா ஆசைப்பட்டுப் போட்டீங்க?"

அவ்வளவு எளிதாக எனக்குத் தோன்றவே இல்லை.

காலையில் அவரையும் அழைத்துக்கொண்டு வக்கீலிடம் போனேன். வக்கீலுக்குத் தோப்புக்கரணத்தைச் சொல்லும்போது கூட வந்தவர் என் பக்கம் திரும்பாமல் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பழசு மேல் புதுசு ஏறிவிடும் என்று பண்ருட்டிக்காரர் சொன்ன கெடு முடியும் தறுவாயில் இருந்தது. சங்கத்தின் பெயரில் எழுதத் தலைவர் சம்மதிக்கவில்லை. அதனால் என் பெயரிலேயே, பதிவில் இருப்பவன் என்ற முறையில், அதை அழியாமல் எடுத்து வைக்க வேண்டும், விசாரிப்பவர்கள் பார்க்க வேண்டும் என்று போலீஸ் மேலதிகாரிக்கு மனு எழுதினோம். நடந்ததைச் சாட்சியாகவும் எழுதிக் கொடுத்தேன். என்னைத் தோப்புக்கரணம் போட வைத்தார்கள் என்று தமிழில் தெளிவாக எழுதினேன். அந்த வரியை எழுதும்போது பேனா நகரவில்லை. அடுத்த வரி சரளமாக வந்தது: "இவரை அடித்தபோது நான் தோப்புக்கரணத்தை நிறுத்திவிட்டு, குறுக்கே சென்று தடுத்தேன்."

மேலதிகாரி ஒரு பெண். மனுவைப் படித்ததும் ரிப்பேர் என்ற பதிலை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆளை அனுப்பிக் கேமராவின் பதிவுப் பெட்டியையே எடுத்துவரச் செய்தார். கேமரா நன்றாகவே ஓடியிருந்தது. சில நாள் கழித்து எங்களைக் கூப்பிட்டார்கள்.

அறையில் அவரும் நானும் வக்கீலும் ஒரு பக்கம். எஸ்.ஐ. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் நின்றார். ஸ்டேஷன் முற்றத்தில் பார்த்ததைவிட இளையவராகத் தெரிந்தார். மேஜைமேல் கம்ப்யூட்டரில் படத்தை ஓடவிட்டார்கள். சத்தம் இல்லை. மின்விசிறியின் சத்தம்தான்.

தெளிவாகத் தெரிந்தது. நான் வைத்த கோணமாயிற்றே. முற்றம் முழுவதும் வெயில். மஞ்சள் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு ஒரு தொந்திக்காரர் காதைப் பிடித்துக்கொண்டு குந்துகிறார், எழுகிறார். வாய் அசைகிறது. எனக்குக் காதெல்லாம் கொதித்தது. யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை நாள் ஒளிந்தோம் என்று ஒரு நொடி மனசு லேசானது.

பிறகு படத்தில் அவர் முன்னால் வருகிறார். கை கூப்பியிருக்கிறது. கன்னத்தில் அறை விழுகிறது. கூப்பிய கை அவிழவில்லை. லத்தி இறங்குகிறது. ஏட்டு ஓடிவந்து பிடிக்கிறார். அவர் ஒருமுறைகூடக் கையை ஓங்கவில்லை, தள்ளவில்லை. அறையில் இருந்த எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது குறுக்கே ஓடப்போகிறேன் என்று காத்திருந்தேன்.

நான் ஓடவில்லை. இரண்டு எட்டுத் தள்ளி அவரை அடிக்கிறார்கள். அந்தத் தொந்திக்காரர் காதைப் பிடித்துக்கொண்டு குந்துகிறார், எழுகிறார், மறுபடியும் குந்துகிறார். அடி வாங்குபவர் முழங்கால் மடங்கித் தரையில் விழுகிறார். தொந்திக்காரர் குந்துகிறார், எழுகிறார். வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. முகம் கேமராவைப் பார்த்தபடியே இருக்கிறது. அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போன பிறகும், பார்க்க ஆளே இல்லாத முற்றத்தில், நான் இன்னும் கொஞ்சநேரம் போட்டேன்.

அந்த ஓட்டத்தை நான் இட்டுக்கட்டவில்லை. சத்தியமாக எனக்கு அது நினைவிருந்தது. "வேண்டாம் சார்" என்று கத்தியது தொண்டையில்கூட நினைவிருந்தது. படுக்கையில் புரளும்போதெல்லாம் அந்த ஒன்றைத்தான் சொல்லிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். கேமரா இல்லாவிட்டால் கோர்ட்டில் கையடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.

எஸ்.ஐ.தான் முதலில் பேசினார். "மேடம், குறுக்க வந்து தடுத்தேன்னு எழுதியிருக்காரு. பாருங்க, வரவே இல்ல. சாட்சியே பொய் மேடம்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த ஒரு வரியை வைத்து அவர் தப்பித்துவிடுவாரோ என்று பயந்தேன். அதிகாரி என் மனுவைத் திருப்பிப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"படம் போதும்" என்றார். "இவரோட சாட்சி தேவையில்ல."

மனுவிலிருந்து என் சாட்சியைத் தனியே எடுத்து ஓரமாக வைத்தார்.

உடனே எதுவும் மாறிவிடவில்லை. கொஞ்ச மாதம் இழுத்தது. வழக்கைக் கைவிட்டார்கள். கேட் பாஸ் வந்தது. எஸ்.ஐ. வேறு ஊருக்குப் போனார், தண்டனையா, வழக்கமான மாற்றலா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். சங்கத்தில் காரணம் கேட்டார்கள், முட்டி வலி என்றேன்.

அவர் திரும்ப வேலைக்கு வந்த அன்று ஷிப்டு முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் காத்திருந்தேன். புது ஹெல்மெட் இரண்டு வாங்கி வைத்திருந்தேன். ஒன்றை அவரிடம் நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு சார் எனக்கு?"

"போட்டுக்குங்க" என்றேன். முதல்முறையாக "ங்க" போட்டேன். அவர் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அந்த அறையிலிருந்து வந்த பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. "தம்பி, நான் குறுக்க வந்தேன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். படத்தைப் பாத்தப்புறந்தான் தெரிஞ்சது, நான் நிறுத்தவே இல்லன்னு" என்றேன்.

அவர் ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதுபோலவும் இல்லை.

"எனக்கு அப்பவே தெரியும் சார். கீழ வுழுந்து கெடக்கும்போதும் நீங்க எண்ணிகினு இருந்தது காதுல வுழுந்துகினேதான இருந்துச்சு."

சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நான் கிக்கரை உதைத்தேன்.